மைக் செட் குமாரதாசும் ஆற்றங்கரைக் கடைகளும்

முளங்கடவுக்குப் போய்க் குமாரதாஸ் வீடு எது என்று கேட்டால், எந்தக் குமாரதாஸ் என்று திருப்பிக் கேட்பார்கள். ரப்பர் பால் எடுக்கிற குமாரதாஸ் உண்டு. பஸ் கண்டக்டர் குமாரதாஸ் உண்டு. வளைகுடாவுக்குப் போவதும் வருவதுமாக இருக்கிற குமாரதாஸ்கள் வேறு. மைக் செட் குமாரதாஸ் என்று சொன்னால்தான் கை நீளும். கை நீட்டுகிறவர் சும்மா விடவும் மாட்டார். "பாத்துப் போங்க, கேள்வி கேட்டே கொல்லுவாரு" என்று ஒரு வார்த்தை சேர்த்துத்தான் அனுப்புவார்.

சொல்வதில் பொய் இல்லை. குமாரதாசுக்குப் பீடி கிடையாது, குடி கிடையாது, சீட்டு கிடையாது. இருக்கிற ஒரே கெட்ட பழக்கம், எதையும் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது என்பதுதான். பக்கத்து வீட்டில் கிணறு இறைத்தால் எதற்கு என்று தெரிய வேண்டும். குழித்துறை பஸ் வழக்கத்துக்கு மாறாகத் திரும்பிப் போனால் ஏன் என்று தெரிய வேண்டும். வம்பு பேசுகிற ஆள் இல்லை. தெரிந்துகொண்டதை யாரிடமும் போய்ச் சொல்வதும் இல்லை. தெரிந்தால் போதும், அன்றைக்குச் சோறு ருசியாக இறங்கும்.

தொழிலும் அதற்கேற்றாற்போல் வாய்த்தது. முப்பது வருஷத்துக்கு மேலாக ஊரில் எந்த விசேஷத்துக்கும் அவருடைய செட்டுதான். கோயில் கொடை, சர்ச் திருவிழா, அய்யாவழிக்காரர்களின் கோயிலான பதியில் திருநாள், கல்யாணம், கட்சிக்கூட்டம், பேரூராட்சி விழா. எல்லாரும் மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். இவர் மேடைக்குப் பக்கவாட்டில் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்திருப்பார். பேச்சு நீண்டால் மற்றவர்கள் சாயா குடிக்க எழுந்து போகலாம், இவர் போக முடியாது. ஊரில் நடக்கிற எல்லாப் பேச்சையும் முதலிலிருந்து கடைசிவரை கேட்கிற ஒரே மனுஷன் மைக் செட்காரன்தான். பாவம், பேசுகிறவர்கள் அதை நினைத்துப் பார்ப்பதே இல்லை.

அப்படிக் கேட்டதில் அவருக்கு ரொம்பப் பிடித்தது பாட்டும் அல்ல, பிரசங்கமும் அல்ல. கணக்கு வாசிப்பு.

முளங்கடவில் திருவிழா முடிவது கொடி இறங்கும்போது அல்ல. கணக்கு வாசித்து முடிக்கும்போதுதான். கோயிலானாலும் சர்ச்சானாலும் பதியானாலும் ஒரே முறைதான். விழாவின் கடைசியில், நன்றி சொல்லி முடித்ததும், பொருளாளர் மைக்கைப் பிடித்து எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று வெற்றிலைக் கட்டு வரைக்கும் வாசிக்க வேண்டும். காசு கொடுத்தவன் எவனும் அதுவரை எழுந்திருக்க மாட்டான். அஞ்சு ரூபாய் போட்டவன்தான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான். இதில் இன்னொரு வழக்கமும் உண்டு. வாங்கிய பொருள் கண்ணுக்குத் தெரிகிற பொருளானால், காட்டு என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்டால் காட்ட வேண்டும். அப்போது காட்ட முடியாவிட்டால், இன்ன நாளில் காட்டுகிறேன் என்று மைக்கில் சொல்ல வேண்டும். அந்த நாளில் கூட்டம் திரும்பவும் கூடும்.

காட்டச் சொல்வதில் பேர்போனவள் முத்துக்கனி. சந்தையில் ஏத்தன் வாழைக்குலை வியாபாரம் செய்கிறவள், பதியைச் சேர்ந்தவள். ஆனால் கணக்கு வாசிப்பு எங்கே நடந்தாலும் அங்கே இருப்பாள். ஒரு வருஷம் பதியில் 'செம்பு அண்டா ஒன்று' என்று வாசித்தபோது, அதக் கொஞ்சம் காட்டுங்க என்று அவள் எழுந்து நின்றாள். அண்டா வரவில்லை. தேடிப் போனால் பொருளாளர் மகள் கல்யாண வீட்டில் இருந்தது. மறுநாள் அடியில் பாயசம் ஒட்டியபடியே அண்டாவைக் கொண்டுவந்து எல்லாரும் பார்க்க மேசைமேல் வைத்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. பொருளாளரும் சிரித்துவிட்டார். அடுத்த வருஷமும் அவர்தான் பொருளாளர். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் குமாரதாசுக்குக் கண்ணில் தண்ணீர் வரும், சிரிப்பில்தான்.

அவருடைய மனைவி குளோரிக்குக் கடவில் ஒரு சாயக்கடை இருந்தது. கடவு என்றால் ஊரார் ஆற்றில் இறங்கிக் குளிக்கிற துறை. நாலு கம்பு, மேலே தார்ப்பாய், ஒரு அடுப்பு, அவ்வளவுதான் கடை. ஆனால் அவள் பழபஜ்ஜிக்கும் ரசவடைக்கும் அக்கரையிலிருந்து ஆள் வரும். பக்கத்திலேயே இன்னும் நாலு பெண்கள் கடை வைத்திருந்தார்கள். ஒருத்திக்குப் பூவும் வெற்றிலையும், ஒருத்திக்குப் பழமும் தேங்காயும், ஒருத்திக்கு எண்ணெய் சோப்பு சீயக்காய், ஒருத்திக்கு இறந்துபோன முன்னோருக்குப் பலிகொடுக்கத் தேவையான தர்ப்பையும் வாழையிலையும். ஆடி அமாவாசையில் வாவுபலிக்கு ஆற்றில் இறங்குகிற கூட்டம் இந்த ஐந்து கடையையும் தாண்டித்தான் இறங்க வேண்டும். அந்த ஒரு நாள் வியாபாரத்தில் அரை வருஷத்தை ஓட்டுவார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் ஆற்றங்கரையை அழகுபடுத்தப் போகிறோம் என்று பேரூராட்சியிலிருந்து வந்தார்கள். கரையில் ஒரு பெரிய பலகை நட்டார்கள். பலகையில் ஒரு படம். நடைபாதை, விளக்கு, பெஞ்சு, குடை பிடித்து நடக்கிற ஒரு பெண், பலூன் வைத்திருக்கிற ஒரு குழந்தை. ஓரத்தில் சிவப்பு ஓடு போட்ட ஐந்து கடைகள். இப்போது தார்ப்பாயை எடுத்துவிடுங்கள், வேலை முடிந்ததும் ஐந்து பேருக்கும் இந்தக் கடைகள்தான் என்று அதிகாரி ஒருவர் படத்தைத் தொட்டே சொன்னார். குளோரி இரண்டாவது கடையைத் தன்னுடையது என்று மனதில் வைத்துக்கொண்டாள், படத்தில் அதன்மேல் மரநிழல் விழுந்தது. தார்ப்பாயை மடித்துப் பரணில் வைத்தாள்.

வேலை தொடங்கியது. குமாரதாசுக்குக் கேட்கவா வேண்டும்? சாயங்காலம் ஆனால் ஆற்றங்கரையில்தான் இருப்பார். விளக்குக் கம்பம் ஏன் ஆற்றைப் பார்த்து நிற்கிறது, மீனுக்கா என்று கேட்பார். இந்தக் கல் எங்கிருந்து வருகிறது, அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற கல்லுக்கு நம்மூர்க் கல் என்ன தப்பு செய்தது என்று கேட்பார். கொத்தனார்களுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. அவர் வராத நாளில் மைக் செட் எங்கே என்று அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள். குளோரி வீட்டில் சாயா போட்டு ஃபிளாஸ்கில் கொடுத்துவிடுவாள், அதை அவர்தான் கொண்டுபோய் ஊற்றுவார்.

கடை எங்கே வரும் என்ற கேள்விக்கு மட்டும் ஒரே பதில் கிடைக்கவில்லை. கொத்தனார் கடைசியில் வரும் என்றார். காண்ட்ராக்டரின் மேற்பார்வையாளர், அது வேறு டெண்டர் என்றார். பேரூராட்சி அலுவலகத்தில் ஒருவர், ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்டார். குமாரதாஸ் முப்பது வருஷம் கேட்ட பேச்சுகளில், ஏன் கேட்கிறீர்கள் என்பது ஒரு பதிலாக வந்ததே இல்லை. அவருக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

குளோரிக்கு இது பிடிக்கவில்லை. பேரூராட்சியில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு விழா. மைக் செட் வருமானத்தில் பாதி அங்கேதான் வருகிறது. இந்த மனுஷன் வாயால் அதுவும் போய், வருகிற கடையும் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம்.

"சும்மா கெடந்தா கட கிடைக்கும். கணக்கு கேக்க நீங்க யாரு?" என்றாள்.

"நான் எங்கட்டி கணக்கு கேட்டேன்? கட எங்க வருமுண்ணுதானே கேட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அவள் சொன்னது சரி என்று அவருக்கே அப்புறம்தான் தோன்றியது.

நடைபாதை வந்தது. கைப்பிடிக் கம்பி வந்தது. ஆற்றுக்குள் இறங்கக் கல்படி வந்தது. பெஞ்சு வந்தது. ஒருநாள் கிரேன் வந்து ஆளுயர எழுத்துகளை இறக்கியது. எழுத்துகளைச் சேர்த்து நிறுத்தினால் ஊர்ப்பெயர், நடுவில் சிவப்பாக ஒரு இதயம், உள்ளே நிறம் மாறுகிற விளக்கு. அதன் முன்னால் நின்று படம் எடுக்கக் கோதநல்லூரிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்தார்கள். கடை வரவில்லை. திறப்பு விழாத் தேதி வந்துவிட்டது. பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

விழாவுக்கு மைக் செட் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. மேடை அந்த எழுத்துகளுக்கு முன்னால். சிறப்பு விருந்தினர் ரிப்பனை வெட்டிவிட்டு, இரண்டு நிமிஷம் பேசிவிட்டு, அடுத்த ஊர் விழாவுக்குக் கிளம்பிவிட்டார். பெரிய கார்கள் எல்லாம் போனபிறகு இருந்தது முளங்கடவு ஊர்தான். மேடையில் பேரூராட்சித் தலைவர் ஞானதாசனும், புதிதாக மாற்றலாகி வந்த இளம் பொறியாளர் அஸ்வதியும், இன்னும் சிலரும். ஞானதாசன் மோசமான ஆள் இல்லை. கூப்பிட்டால் வருவார், சாவு வீட்டில் கடைசிவரை நிற்பார். அவருக்கு வெளிச்சத்தின்மேல் கொஞ்சம் ஆசை அதிகம், அவ்வளவுதான். தலைவர் ஆவதற்கு முன்னால் பல வருஷம் சர்ச் பொருளாளர். தங்குதடை இல்லாமல் கணக்கு வாசிப்பார் என்று அப்போது பெயர் எடுத்தவர்.

நன்றியுரை முடிந்தது. அரசு விழாவென்றால் அதன்பிறகு தேசிய கீதம். பாட்டு குமாரதாசின் பென்டிரைவில் இருக்கிறது. அன்றைக்கென்று பார்த்துப் பென்டிரைவ் திறக்கவில்லை. பிடுங்கிச் செருகினார். திறந்தது, பாட்டைத் தேடினார், ஆயிரம் பாட்டுக்கு நடுவில் அது எங்கேயோ கிடந்தது. கூட்டம் பாதி எழுந்துவிட்டது. மைக் சும்மா கிடந்தால் குமாரதாசுக்கு உடம்பு கூசும். கூட்டத்துக்கு ஏதாவது சொல்ல வேண்டும். கண் பாட்டைத் தேடுகிறது, கை பொத்தானில் இருக்கிறது, வாய் தானாகத் திறந்தது. நன்றியுரைக்குப் பிறகு முப்பது வருஷமாக அந்த வாய் எதைச் சொல்லிப் பழகியிருக்கிறதோ, அதைச் சொன்னது.

"அடுத்ததாக வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும். கணக்கு முடியும்வரை யாரும் எழுந்து போக வேண்டாமென்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம்."

எழுந்த கூட்டம் உட்கார்ந்தது.

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. தவறுதலாகச் சொல்லிவிட்டேன் என்று இன்னொரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் கூட்டத்தைப் பார்த்தார். வீட்டுக்குப் போகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர்கள்கூட நாற்காலியை நேராக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இதில் யாருக்கும் ஒரு வியப்பும் இல்லை. விழா என்றால் கணக்கு வாசிப்பார்கள்தானே. அந்த முகங்களைப் பார்த்து, இல்லை, இந்த விழாவுக்குக் கணக்கு இல்லை என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

மேடையில் நடந்த கூத்து வேறு. தலைவர்தான் இதை ஏற்பாடு செய்திருக்கிறார் என்று அஸ்வதி நினைத்தாள். அஸ்வதிதான் செய்திருக்கிறாள் என்று தலைவர் நினைத்தார். சிறப்பு விருந்தினர் ஏதாவது கேட்டால் சொல்லலாம் என்று அவள் கையில் வேலை விவரத்தாள் ஒன்று இருந்தது. நாகர்கோவில்காரி, இந்த ஊர் வழக்கம் எதுவும் தெரியாது. எழுந்து வந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. விளக்குக் கம்பங்கள் என்று வாசித்தாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது, விளக்கு எரிந்தது, சரி என்று திரும்பியது. கைப்பிடிக் கம்பி என்றாள். ஓரத்தில் இருந்த ஒருவர் எழுந்து பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, பலந்தான் என்று சொல்லி உட்கார்ந்தார். ஆற்றில் இறங்கும் படிகள் என்றாள். படியின் கடைசிக் கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஓர் ஆள் உயரம் காலி. பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்திருந்த நேரத்தில் வந்து அளந்திருப்பார்கள் போல. அவ்வளவு நீளம் தனக்குக் கால் இல்லை என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அஸ்வதியும் சிரித்துவிட்டாள். அதைக் குறித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

"சிறுவணிகக் கடைகள், ஐந்து. பணி முடிக்கப்பட்டது."

கூட்டம் வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தது. வலப்பக்கம் பார்த்தார்கள், இடப்பக்கம் பார்த்தார்கள். மேடைக்குப் பின்னால் இருக்குமோ என்று சிலர் எட்டிப் பார்த்தார்கள். அப்போதுகூட யாருக்கும் கோபமில்லை. நிஜமாகவே எங்கே என்று தெரிந்துகொள்ளத்தான் பார்த்தார்கள். குமாரதாஸ் அவ்வளவு நாளும் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை இப்போது ஊரே கண்ணால் கேட்டது. உள்ளே வந்தது பயமா சந்தோஷமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

முத்துக்கனி எழுந்தாள். "மக்கா, அதக் கொஞ்சம் காட்டு."

அஸ்வதி தாளைப் பார்த்தாள், கரையைப் பார்த்தாள். பிறகு மைக்கிலேயே சொன்னாள். "இதுல எழுதியிருக்குங்க அக்கா. ஆனா நான் வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. நானும் இங்க கடை பாக்கல."

ஞானதாசனுக்கு இப்போதுதான் பேச்சு எங்கே போகிறது என்று புரிந்தது. மேடையோரமாக வந்து குனிந்து, குமாரதாசின் காதோடு சொன்னார். "ஓய், ஜனகணமன போடும்."

தந்திரம் நல்ல தந்திரம். கீதம் ஒலித்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். முடிந்தால் விழா முடிந்தது. அந்த நேரம் பார்த்துப் பாட்டும் கிடைத்துவிட்டிருந்தது. விரல் பொத்தானுக்கு மேலேதான் இருந்தது. பெண்கள் பக்கம் குளோரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அமுக்கித் தொலையுங்கள் என்றுதான் அந்தப் பார்வை சொன்னது. அமுக்கினால் பேரூராட்சி வேலை தங்கும், தலைவர் மனதும் தங்கும், என்றைக்காவது ஒருநாள் கடைகூடக் கிடைக்கலாம். எல்லாம் அவருக்குத் தெரிந்தது. ஆனால் வாசிப்பின் நடுவில் அவர் இதுவரை மைக்கை அணைத்ததும் இல்லை, பாட்டுப் போட்டதும் இல்லை. அண்டா விஷயத்தின்போதுகூட இல்லை.

"கணக்கு முடியல்ல சார்" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். பக்கத்தில் அறிவிப்பு மைக் திறந்திருந்ததால் அது அக்கரை வரைக்கும் கேட்டது.

இனி ஒளிய இடம் இல்லை. பழைய பொருளாளர் ஞானதாசன் மைக்கை வாங்கினார். கடைக்கென்று ஒதுக்கிய தொகையை அந்த எழுத்துகளுக்கு மாற்ற வேண்டியதாகிவிட்டது, ஊருக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்துச் செய்தது, தாளில் திருத்தாமல் விட்டுவிட்டார்கள் என்றார். குரல் பழைய மாதிரி தங்குதடை இல்லாமல் வரவில்லை.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றாள் முத்துக்கனி. "அதுக்குள்ள இருந்து சாய ஆத்த முடியாதே. யாருட்ட கேட்டு மாத்தினிய?"

அவர் எழுத்துகளைத் திரும்பிப் பார்த்தார். அதற்குமேல் முத்துக்கனி அதை நோண்டவில்லை, வழக்கத்தை மட்டும் சொன்னாள். "காட்ட முடியாட்டா நாள் சொல்லுங்க."

ஞானதாசன் எத்தனை வருஷம் இந்தக் கேள்விக்கு மைக்கில் பதில் சொன்ன ஆள். வாவுபலிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காட்டுகிறேன் என்றார். கூட்டம் சரி என்று தலையாட்டியது. குமாரதாஸ் பொத்தானை அமுக்கினார். எல்லாரும் விறைப்பாக எழுந்து நின்றார்கள்.

அதற்கப்புறம் குமாரதாசுக்கு நல்ல காலம் என்று சொல்ல முடியாது. பேரூராட்சியின் அடுத்த விழாவுக்குக் குழித்துறையிலிருந்து பெரிய பெட்டிகளோடு வேறு செட் வந்தது. அதற்கடுத்த விழாவுக்கும் அதுதான். வீட்டில் குளோரி சோறு போட்டாள், பேச்சுப் போடவில்லை. முப்பது வருஷம் பிழைப்பு நடத்திய வாயாலேயே பிழைப்பைக் கெடுத்துக்கொண்டோமே என்று அவருக்கு உள்ளே அழுகையாக வந்தது. அது தவறுதலாக வந்த வார்த்தை என்று அவர் எவ்வளவு சொல்லியும் ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. குளோரியும் நம்பவில்லை. அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட வருத்தம்.

ஆனாலும் பழக்கம் விடுமா? சாயங்காலம் ஆனால் ஆற்றங்கரைக்குப் போய்விடுவார். ஒருநாள் சாந்துச் சட்டிகள் வந்து இறங்கின. அவருக்கு நடையே வேகமாகிவிட்டது. அஸ்திவாரம் தோண்டினார்கள், சுவர் எழுந்தது, சிவப்பு ஓடும் போட்டார்கள். ஆனால் எழுந்தது ஒரே ஒரு கடை. மற்றது எப்போது என்று கொத்தனாரிடம் கேட்டதற்கு, ஒன்றுக்குத்தான் சொல்லியிருக்கிறது என்று பதில் வந்தது. யாருக்கு அந்த ஒன்று? அது கொத்தனாருக்கும் தெரியாது.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை வந்தது. அழைப்பு இல்லை, நோட்டீஸ் இல்லை, பந்தல் இல்லை. ஊர் மட்டும் வந்து பெஞ்சிலும் படியிலும் உட்கார்ந்தது. முத்துக்கனி சந்தையிலிருந்து நேராக வந்திருந்தாள். அஸ்வதியும் வந்தாள். அன்றைக்கு விடுமுறை, அவள் வரவேண்டிய அவசியமே இல்லை. குமாரதாசை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஆட்டோவில் செட்டை ஏற்றிக்கொண்டு அவராகவே வந்து ஒயரை இழுத்து மைக்கை நட்டார். பாதியில் நின்ற கணக்கு பாக்கி இருக்கும்போது செட்டை வீட்டில் வைத்துக்கொண்டு உட்கார அவரால் முடியவில்லை.

ஞானதாசன் ஒரு தட்டில் சிவப்புத் துணி விரித்துச் சாவியை வைத்துக்கொண்டு வந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன், கடை இதோ இருக்கிறது என்றார். முதல் சாவியை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்ததாகவும், இத்தனை வருஷம் இந்த ஊருக்கு உழைத்த ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பதுதான் முறை என்று தோன்றியதாகவும் சொன்னார். பிறகு குளோரியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

கூட்டம் கைதட்டியது. தலைவர் எதற்காக இதைச் செய்கிறார் என்று குமாரதாசுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் சந்தோஷத்தை மறைப்பானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. சிவப்பு ஓடு, மரநிழல், வாவுபலிக் கூட்டம். போதும், கணக்கு முடிந்தது என்று ஒரு நிமிஷம் அவர் மனதே சொன்னது. தப்பு என்று தெரிந்தே சொன்னது.

குளோரி வந்து சாவியை எடுத்தாள். இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திரும்பிப் போகப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் மைக்கின் முன்னால் போய் நின்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மைக்கை அவள் துடைத்து வைத்திருக்கிறாள், ஒருநாளும் அதில் பேசியது இல்லை. எழுவதற்காகப் பாதி நிமிர்ந்த முத்துக்கனி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணு காட்டியாச்சு. சந்தோசம்" என்றாள் குளோரி. கையிலிருந்த சாவி கிலுங்குகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. "பூவும் பழமும் தர்ப்பையும் இல்லாம, எனக்க சாயக்கு மட்டுமா வாவுபலிக்கு ஆளு வரும்? அந்த நாலு பேரும் இன்னா இஞ்சதான் இருக்காவ. மிச்சம் நாலுக்கு நாள் சொல்லுங்க."

ஒருவரும் கைதட்டவில்லை. வீட்டுக்குக் கிளம்ப எழுந்திருந்தவர்கள் எல்லாம் உட்கார்ந்தார்கள். அஸ்வதி பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

ஞானதாசன் குமாரதாசைத் திரும்பிப் பார்த்தார். குமாரதாஸ் குளோரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தார். தேசிய கீதம் இருந்த பென்டிரைவை அவர் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை.